வசனமும் விலாசமும்

எங்கள் வீட்டில் வசனம் சொல்லாமல் சோறு கிடையாது. இது என் மருமகள் அம்சா போட்ட சட்டம். சட்டம் அவள் பெண் பொன்னிக்குத்தான், எனக்கு இல்லை. ஆனால் பானை ஒன்றுதானே. பெண் சொல்லி முடிக்கும் வரை மூடி திறக்காது. எனக்கும் அதுவரை பட்டினிதான்.

என் பேர் பச்சைமுத்து. காணைக்குப் பக்கத்தில் எங்கள் காலனி. மூன்றாவது வரை படித்தேன். எழுத்துக் கூட்டிப் படிப்பேன், கையெழுத்துப் போடுவேன், அவ்வளவுதான். கரும்பு வெட்டி முதுகு போன பிறகு ஒருத்தர் மோட்டார் கொட்டகைக்குக் காவல் இருந்தேன். மகன் வெங்கடாசலம் பெங்களூரில் கட்டட வேலை. இரண்டு மாதத்துக்கு ஒரு தரம் வருவான். வந்தால் வெள்ளிக்கிழமை என்னோடு மாரியம்மன் கோயிலுக்கு வருவான், ஞாயிற்றுக்கிழமை பெண்டாட்டியோடு ஜெபத்துக்குப் போவான். "நீ இன்னாடா, எந்தக் கட்சி?" என்று கேட்டால், "அங்க சுண்டலு, இங்க பாட்டு. ரெண்டும் நல்லாத்தான் இருக்குதுப்பா" என்று சிரிப்பான்.

அம்சா திண்டிவனத்துப் பெண். வேதக்காரக் குடும்பம். அங்கே மிஷன் போர்டிங்கில் தங்கி எட்டாவது வரை படித்தவள். கல்யாணம் பேசப் போனபோது அவள் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். "தாலிய எங்க கட்டுனாலும் கட்டிக்கறேன். என் பைபிளை மட்டும் தூக்கிப் போடச் சொல்லாதீங்க." ஒரு புஸ்தகம்தானே, பரணில் கிடக்கட்டும் என்று ஒப்புக்கொண்டேன். அது பரணில் கிடக்கவில்லை.

பொன்னிக்கு ஏழு வயது ஆனதும் ஆரம்பித்தாள். சாயங்காலம் உலை கொதிக்கும்போது அடுப்புக்கு முன்னால் உட்கார்ந்துகொண்டு ஒரு வசனத்தின் முதல் பாதியைச் சொல்வாள். சொல்லிவிட்டுக் கரண்டியால் பானை விளிம்பில் ஒரு தட்டு. உடனே பொன்னி மீதிப் பாதியைச் சொல்ல வேண்டும். அதோடு முடியாது. பைபிளில் எந்த ஆகமம், எத்தனையாவது அதிகாரம், எத்தனையாவது வசனம் என்பதையும் சொல்ல வேண்டும். அதற்கு அம்சா வைத்த பேர் விலாசம்.

"வசனம் மட்டும் சொன்னா போதுமா? விலாசம் இல்லாத கடுதாசி எந்த ஊர்லடி போயிச் சேரும்?" என்பாள்.

ஒரு வசனம் விலாசத்தோடு தடங்கல் இல்லாமல் வந்துவிட்டால் அடுப்படிச் சுவரில் கரியால் ஒரு கோடு. மூன்று வருஷத்தில் சுவரில் பாதி கோடு ஆகிவிட்டது. எனக்கு அது பிடிக்கவில்லை. புஸ்தகத்தில் இருப்பதைக் குழந்தை எதற்கு வயிற்றில் சுமக்க வேண்டும் என்று கேட்டேன்.

"புஸ்தகம் மழையில நனையும் மாமா, எலி கடிக்கும், யாராச்சும் புடுங்கிக்குவாங்க. உள்ள போனதை யாரு புடுங்க முடியும்?" என்றாள்.

"உள்ள போனது வெளிய வந்து தொலைச்சா?" என்றேன். அவள் அடுப்பை ஊதப் போய்விட்டாள். நானும் அப்போது ஒன்றையும் நினைத்துக் கேட்கவில்லை. ஏட்டிக்குப் போட்டியாகக் கேட்டதுதான்.

அவள் இன்னொன்றும் கேட்டாள். திண்டிவனத்துக்குக் குழந்தையைக் கூட்டிப்போய் ஞானஸ்நானம் கொடுத்துச் சபை நோட்டில் பேர் எழுத வேண்டும் என்றாள். அதற்கு மட்டும் நான் மசியவில்லை. காரணம் இருந்தது. எங்கள் பங்காளி துரைக்கண்ணுவின் மகனுக்குச் சர்க்கார் ஆபீஸில் பியூன் வேலை கிடைத்து, ஆறு மாதம் கழித்து எவனோ சபை நோட்டில் அவன் பேர் இருப்பதைக் கண்டுபிடித்துச் சொல்ல, வேலை போய்விட்டது. வேதத்துக்குப் போய்விட்டால் எங்களுக்கு எஸ்.சி. சர்ட்டிபிகேட் கிடையாது. காலனி அதே காலனிதான். டீக்கடையில் எங்களுக்கு என்று தனியாக வைத்திருக்கும் கிளாஸும் அதே கிளாஸ்தான். சாமி மாறினால் சர்க்காருக்கு மட்டும் ஆள் மாறிவிடுகிறது. இது எந்த ஊர் நியாயம் என்று எனக்கு இன்றைக்கும் விளங்கவில்லை.

"வாயால எத வேணா சொல்லிக்கோங்க. நோட்டுல மட்டும் எழுதக் கூடாது. எந்த நோட்டுலயும்" என்று சொல்லிவிட்டேன். அம்சா ஒரு வாரம் என்னோடு பேசவில்லை. பிறகு பேசினாள். பேர் எழுதவில்லை.

எண்பத்து நாலாம் வருஷம் பொன்னி ஐந்தாவது முடித்தாள். எங்கள் ஊர்ப் பள்ளிக்கூடம் ஐந்தாவதோடு சரி. ஆறாவது படிக்க வேண்டும் என்றால் விழுப்புரத்தில் சர்க்கார் ஹாஸ்டலில் சேர்க்க வேண்டும். இல்லையென்றால் அம்சாவோடு கரும்புக் கொல்லைக்குக் களை வெட்டப் போக வேண்டும். நடுவில் வேறு வழி இல்லை. வாத்தியாரே வீட்டுக்கு வந்து, "இந்தப் பொண்ண நிறுத்திடாதீங்க பெரியவரே. ஒரு தரம் கேட்டதை மறக்கவே மாட்டேங்குது" என்றார். அது எங்கேயிருந்து வந்த பழக்கம் என்று அவருக்குத் தெரியாது. நானும் சொல்லவில்லை.

ஹாஸ்டலுக்கு ஜாதி சர்ட்டிபிகேட் வேண்டும். விழுப்புரம் தாலுக்கா ஆபீஸில் மனு கொடுத்தோம். பத்து நாள் கழித்துத் தலையாரி கோதண்டபாணி சைக்கிளில் வந்தான்.

"யோவ் பச்சமுத்து, உன் மேல எவனோ மொட்டைக் கடுதாசி போட்டுக்கிறான்யா. சாயங்காலம் ஆனா உன் வூட்ல ஒரே வேதப் பாட்டா கேக்குதாம். ரெவின்யூ ஆபீஸ் ஆர்.ஐ. நேர்ல வந்து பாக்கப் போறாரு. நாளைக்கு."

"எவன் போட்டான்?"

"பேரு போட்டா அது இன்னாத்துக்கு மொட்டைக் கடுதாசி?"

யார் என்று யோசித்தேன். பக்கத்து வீட்டுக்காரன் மீது சந்தேகம். எதிர் வீட்டுக்காரன் மீதும் சந்தேகம். கோதண்டபாணி மீதே சந்தேகம். நாளைக்கு வருவதை இன்றைக்கே வந்து சொல்கிறானே, அவன் எதற்கு அவ்வளவு நல்லவனாக இருக்க வேண்டும்?

அன்றைக்கே விழுப்புரம் போய் ஒரு முருகன் படம் வாங்கி வந்து நடுச்சுவரில் மாட்டினேன். சுண்ணாம்பு கரைத்து அடுப்படிச் சுவரில் கரிக்கோடு இருந்த இடத்தை எல்லாம் அடித்தேன். மூன்று வருஷத்துக் கோடு மூன்று நிமிஷத்தில் போயிற்று. அம்சா வாசற்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

"நான் பொய் சொல்ல மாட்டேன் மாமா" என்றாள். "என் பொண்ணும் சொல்லாது. பொய் சொல்லக் கூடாதுன்னு நானே வசனம் சொல்லிக் குடுத்துட்டு, நானே சொல்லச் சொல்ல முடியாது."

"ஸ்கூலுக்கு அனுப்பணுமா வேணாமா?"

"அனுப்பணும்."

"அப்ப?"

"நீங்க பேசுங்க. நீங்க கோயிலுக்குப் போறவரு. உங்க வாயில வந்தா அது பொய்யில்ல. நான் அடுப்படிய வுட்டு வெளிய வர மாட்டேன்."

பொன்னியைக் கூப்பிட்டேன். "தே பொண்ணு, நாளைக்கு ஒரு ஆபீசரு வருவாரு. அவரு இன்னா கேட்டாலும் வாயத் தொறக்கக் கூடாது. கம்முனு நிக்கணும்."

"பேரு கேட்டா?"

"கம்முனு நில்லு."

"கம்முனு இருந்தா அது பொய்யாம்மா?" என்று அடுப்படியைப் பார்த்துக் கேட்டாள். அம்சா அடுப்பில் விறகைத் தள்ளினாள். "தெரியல கண்ணு" என்றாள். அந்த வீட்டில் எதற்கும் விலாசத்தோடு பதில் வைத்திருந்தவள் அவள். அவளுக்கே இது தெரியவில்லை.

ஆர்.ஐ. பேர் அரங்கநாதன். முப்பத்தைந்து வயது இருக்கும். மொபெட்டில் வந்தார், பின்னால் சைக்கிளில் கோதண்டபாணி. சாயங்கால நேரம். நான் வேண்டும் என்றே பட்டையாக விபூதி பூசியிருந்தேன். பொன்னி நெற்றியிலும் ஒரு கீற்று இழுத்துவிட்டிருந்தேன். பக்கத்து வீட்டிலிருந்து வாங்கி வந்த பெஞ்சில் அவரை உட்கார வைத்தேன்.

"இன்னா சாமி கும்புடுவீங்க பெரியவரே?"

"மாரியம்மாங்க. மயிலத்து முருகனுக்கு ரெண்டு தரம் காவடி எடுத்துக்கிறேங்க." அது முழு உண்மை. அதனால் தைரியமாகச் சொன்னேன்.

அவர் படத்தைப் பார்த்தார். "படம் புதுசா இருக்குதே."

"பழசு பூச்சி அரிச்சிடுச்சிங்க."

அடுப்படிப் பக்கம் எட்டிப் பார்த்தார். வீடு முழுக்க மண் சுவர், அந்த ஒரு பக்கம் மட்டும் பாதிக்குச் சுண்ணாம்பு. "அந்தச் செவுரும் புதுசா இருக்குதே."

"பொங்கலுக்கு அடிச்சதுங்க."

"பொங்கல் முடிஞ்சி நாலு மாசமாவுது. இன்னும் ஈரமா இருக்குது" என்றார்.

கோதண்டபாணி முகட்டைப் பார்த்தான். நான் தரையைப் பார்த்தேன்.

ஆர்.ஐ. பொன்னியைப் பார்த்தார். "உன் பேரு இன்னாம்மா?"

பொன்னி என்னைப் பார்த்தாள். உதட்டைக் கடித்துக்கொண்டு நின்றாள்.

"பேசாதா?"

"கூச்சம்ங்க."

"எத்தனாவது படிக்கிற?"

இல்லை. அசையவே இல்லை. அவ்வளவு கெட்டி. எனக்கு உள்ளே சந்தோஷம். சொன்னபடி நிற்கிறாளே என்று. இன்னும் ஐந்து நிமிஷம் தள்ளிவிட்டால் போதும், சர்ட்டிபிகேட் வந்துவிடும், ஹாஸ்டல், ஆறாவது, ஏழாவது என்று மனசு ஓடிக்கொண்டிருந்தது.

அம்சா உள்ளே இருந்து ஒரு சொம்பு தண்ணீரை நிலைப்படியில் வைத்துவிட்டுப் போனாள். ஆர்.ஐ. குடித்தார். உள்ளே உலை கொதிக்கிற சத்தம் கேட்டது. அவர் சொம்பைக் கீழே வைத்துவிட்டு, யாரையும் பார்க்காமல், தனக்குத்தானே சொல்லிக்கொள்வது மாதிரி மெதுவாக ஒரு வசனத்தின் முதல் பாதியைச் சொன்னார். கர்த்தர் என் மேய்ப்பர் என்று வருமே, அந்த மேய்ப்பன் வசனம். எங்கள் வீட்டில் முதல் முதலாகக் கோடு போட்டது அதற்குத்தான். சொல்லி நிறுத்தினார்.

பொன்னி அடுப்படியைப் பார்த்தாள். கண் கலங்கியது. ஆனால் வாய் திறக்கவில்லை.

மூன்று வருஷத்தில் எங்கள் வீட்டில் முதல் பாதி வந்து இரண்டாம் பாதி வராமல் நின்றதே இல்லை. ஒரு நாள்கூட இல்லை. காய்ச்சலில் கிடந்தபோதும் அந்தப் பெண் முனகிக்கொண்டாவது சொல்லிவிடுவாள். இரண்டாம் பாதி வந்தால்தான் கரண்டி சோற்றுக்குள் போகும். இப்போது வரவில்லை. உலை கொதிக்கிறது, வரவில்லை. யாரோ ஒரு காலைத் தூக்கியவர் கீழே வைக்காமல் நிற்கிற மாதிரி இருந்தது எனக்கு.

நான் சொல்லிவிட்டேன்.

ஏன் சொன்னேன் என்று கேட்டால் தெரியாது. நெற்றியில் அவ்வளவு விபூதியை வைத்துக்கொண்டு மீதிப் பாதியை முழுசாகச் சொன்னேன். சொன்னதோடு விட்டேனா, விலாசமும் சொன்னேன்.

"சங்கீதம் இருபத்தி ரெண்டு, ஒண்ணு."

"இருபத்தி மூணு தாத்தா!" என்றாள் பொன்னி.

சொல்லிவிட்டு இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள். என்ன கேட்டாலும் பேசாத பெண், நான் தப்புச் சொன்னதைப் பொறுக்க மாட்டாமல் பேசிவிட்டாள். அடுப்படியில் கரண்டி விழுகிற சத்தம். அதற்குப் பிறகு ஒரு சிரிப்பு. அம்சாதான். அழப்போகிறாள் என்று நினைத்தேன், அவள் சிரித்துக்கொண்டிருந்தாள். அடக்க முடியாத சிரிப்பு. ஆர்.ஐ.யும் சிரித்துவிட்டார். கோதண்டபாணி மட்டும், "அடப்பாவி மனுசா" என்று வாய்க்குள் சொன்னான்.

"இத உங்களுக்கு யாரு சொல்லிக் குடுத்தது பெரியவரே?"

"யாரும் குடுக்கலைங்க. சோத்துக்குக் காத்துக்கினு இருந்தேன்."

"அப்ப நீங்க வேதக்காரரா?"

"இல்லீங்க. நான் காவடி எடுத்தவங்க. சத்தியமா."

"இந்தப் பொண்ணு?"

அதற்கு என்ன பதில் சொல்வது? ஆமாம் என்றால் ஹாஸ்டல் போச்சு. இல்லை என்றால் உள்ளே சிரித்துக்கொண்டிருப்பவள் முகத்தில் எப்படி முழிப்பது? இரண்டும் இல்லாமல், எனக்கு உண்மையிலேயே தெரியவில்லை. நெற்றியில் விபூதி இருக்கிறது, நான் வைத்தது. வயிற்றில் வசனம் இருக்கிறது, அம்மா வைத்தது. குழந்தையை யாரும் கேட்கவில்லை.

"தெரியலைங்க" என்றேன்.

அவர் ஒரு பேப்பரில் எழுதிக்கொண்டே, "நானும் மிஷன் ஸ்கூல்ல படிச்சவன்தான். தெனம் காலையில இதச் சொல்லணும். சொல்லலன்னா பெரம்படி. அதான் சும்மா சொல்லிப் பாத்தேன்" என்றார்.

"அப்ப உங்கள இன்னான்னு எழுதிக்கிறாங்க?" என்று கேட்டுவிட்டேன்.

அவர் பேனா நின்றது. சிரிப்பும் நின்றது. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார். எழுதி முடித்து, "இங்க கையெழுத்துப் போடுங்க" என்றார். வேகமான எழுத்து. கூட்டிப் படிக்க முடியவில்லை. என்ன எழுதியிருக்கிறது என்று கேட்டேன். "நீங்க சொன்னதத்தான் எழுதிக்கிறேன்" என்றார். தெரியவில்லை என்று சொன்னதை ஒருத்தர் எப்படி அவ்வளவு நீளமாக எழுத முடியும்? ஆனாலும் போட்டேன்.

மூன்று வாரம் கழித்து மனு திரும்பி வந்தது. தாலுக்கா ஆபீஸ் கிளார்க் படித்துச் சொன்னார். குடும்பம் கிறிஸ்தவ மதத்தைப் பின்பற்றுவதாக விசாரணையில் தெரிவதால் கேட்ட சர்ட்டிபிகேட் கொடுக்க இயலாது. "உன் வாயாலயே சொன்னியாமே பெரியவரே" என்றார் கிளார்க். மறுபடி ஒரு மனு போட்டால் ஆகுமா என்று கேட்டேன். போடலாம், அதற்குள் ஹாஸ்டல் லிஸ்ட் முடிந்துவிடும் என்றார். பள்ளிக்கூடம் திறந்து ஒரு வாரம் ஆகியிருந்தது. பொன்னி அம்சாவோடு கொல்லைக்குப் போக ஆரம்பித்திருந்தாள். சாயங்காலம் வந்தால் கையில் கரும்புச் சோகை கிழித்தது கோடு கோடாக இருக்கும்.

இன்னொன்றும் நடந்தது. ஆர்.ஐ. வந்து போன நாளிலிருந்தே பொன்னி வசனம் சொல்வதை நிறுத்திவிட்டாள். அம்சா முதல் பாதியைச் சொல்லித் தட்டினால் என்னைப் பார்ப்பாள், வாயை மூடிக்கொள்வாள். நான்தானே திறக்காதே என்றேன், அதை யாரும் மாற்றிச் சொல்லவில்லையே. அம்சா இரண்டு நாள் சோறு போடாமல் பார்த்தாள். மூன்றாம் நாள் அவளாலேயே முடியவில்லை. தட்டை வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"திண்டிவனம் போவலாம் மாமா. நான் படிச்ச போர்டிங்ல எடம் கேக்கலாம். வேதக்காரங்கன்னுதான எழுதிட்டாங்க? அப்ப அங்க குடுப்பாங்க இல்ல?" என்றாள்.

நியாயமாகத்தான் பட்டது. சர்க்காரே இது வேதக்காரக் குழந்தை என்று எழுதிக் கொடுத்திருக்கிறது. அதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? தாலுக்கா ஆபீஸ் பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். விழுப்புரத்தில் பஸ் ஏறினோம். கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றபோது பழக்கத்தில் மயிலத்துப் பக்கம் பார்த்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டேன். அம்சா பார்த்தாள். "இன்னிக்கி யாருகிட்ட வேணா கேளுங்க மாமா" என்றாள்.

போர்டிங்கைப் பார்த்துக்கொள்கிற போதகர் தேவசகாயம் ஐயாவுக்கு அம்சாவைச் சின்ன வயதிலிருந்தே தெரியும். நாற்காலி போட்டார், டீ சொன்னார். நான் தாலுக்கா பேப்பரைக் கொடுத்தேன். படித்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"இது எங்களுக்கு செல்லாதுங்க. சபை ரிஜிஸ்டர்ல பேரு இருக்கணும். இருக்கிற எடம் கொஞ்சம், கேக்கறவங்க அதிகம். சபைப் பிள்ளைங்களுக்குத்தான் முதல்ல."

பெரிய நோட்டு ஒன்றைத் திறந்தார். விரலை வைத்துத் தேடினார். அம்சா பேர் இருந்தது. அவள் அப்பா பேர், அம்மா பேர், ஞானஸ்நானம் கொடுத்த தேதி எல்லாம் இருந்தது. அதற்குக் கீழே ஒன்றும் இல்லை.

"குழந்தைக்கு ஏன் ஞானஸ்நானம் குடுக்கல அம்சா?"

அம்சா என்னைக் காட்டிக் கொடுக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டாள். நானே சொன்னேன். "நான்தாங்க வேணாம்ன்னேன்."

"ஏன்?"

"எழுதினா சர்ட்டிபிகேட் போயிடும்ங்க."

"இப்ப?"

"எழுதாமலே போயிடுச்சிங்க."

அவருக்குச் சிரிப்பதா வேண்டாமா என்று தெரியவில்லை. எனக்கும் ஒன்றும் புரியவில்லை. அந்த ஆபீஸில் இது வேதக்காரக் குழந்தை, ஆகையால் இடம் இல்லை. இந்த ஆபீஸில் இது வேதக்காரக் குழந்தை இல்லை, ஆகையால் இடம் இல்லை. குழந்தை ஒன்றுதான். நடுவில் எது மாறியது? நாற்பது கிலோமீட்டர் பஸ்ஸில் வந்தோம், அவ்வளவுதான்.

"நோட்டுல இல்லீங்க. ஆனா உள்ள இருக்குதுங்க" என்றேன். "கேட்டுப் பாருங்க. எத வேணா கேளுங்க."

தேவசகாயம் ஐயா பொன்னியைப் பக்கத்தில் கூப்பிட்டார். ஒரு வசனத்தின் முதல் பாதியைச் சொன்னார். பொன்னி நின்றாள். இன்னொன்று சொன்னார். நின்றாள். உதட்டைக் கடித்துக்கொண்டு, ஆர்.ஐ. முன்னால் நின்ற அதே நிற்பு.

"ஒண்ணும் தெரியலையேம்மா" என்றார் அம்சாவிடம், மெதுவாகத்தான்.

அம்சா முகம் போன போக்கை நான் என்னவென்று சொல்வது? "ஐயா, இருநூத்துப் பதினாலு கோடுங்க. செவுத்துல இருந்திச்சி..." என்று ஆரம்பித்து நிறுத்திவிட்டாள். சுவரில் இப்போது சுண்ணாம்புதான் இருக்கிறது.

"சொல்லு பொன்னி" என்றேன்.

பொன்னி என்னை நிமிர்ந்து பார்த்தாள். அறையில் எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "இங்க சொல்லலாமா தாத்தா?" என்றாள்.

போதகர் நாற்காலியில் பின்னால் சாய்ந்துகொண்டார். அம்சா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

"சொல்லலாம்மா" என்றேன். "இங்க சொல்லலாம்."

"நெஜமா?"

"நெஜமா."

சொன்னாள். அவர் கேட்டதைச் சொன்னாள், விலாசத்தோடு. பிறகு கேட்காததையும் சொன்னாள். மோட்டார் போட்டதும் முதலில் குழாய் கொஞ்சம் திக்கும், பிறகு கொட்டும் இல்லையா, அந்த மாதிரி. மூன்று வாரத்து அடைப்பு. போதகர் கையில் டீ ஆறிப்போயிற்று. ஓரிடத்தில் அவர் ஒரு நம்பரைத் திருத்தப் பார்த்தார். "இல்லீங்க, நாப்பத்தி ஒண்ணு" என்றாள் பொன்னி. புஸ்தகத்தைத் திறந்து பார்த்தார். நாற்பத்தொன்றுதான்.

"போதும்மா, போதும்" என்றார். கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "எடம் வெக்கிறேன். ஆனா வர்ற ஞாயித்துக்கெழமை ஞானஸ்நானம் குடுத்து ரிஜிஸ்டர்ல எழுதணும். அப்பா ஊர்ல இல்லன்னா பெரியவரு கையெழுத்துப் போடணும். எழுதட்டுமா?"

"எழுதினா அப்புறம் அழிக்க முடியுங்களா?"

"இது ரப்பர் போட்டு அழிக்கிற நோட்டு இல்லீங்க."

நாளைக்கு இந்தப் பெண் பத்தாவது முடித்து, ஒரு வேலைக்கு மனு போட்டு, எவனோ ஒருத்தன் இந்த நோட்டைத் திறந்து காட்டினால் என்று நினைத்தேன். துரைக்கண்ணு மகன் இப்போது செங்கல் சூளையில் இருக்கிறான். எழுதாவிட்டால் நாளைக் காலையில் இது களைக்கொத்தை எடுத்துக்கொண்டு கொல்லைக்குப் போகும். அம்சாவைப் பார்த்தேன். மூன்று வருஷம் கேட்டவள், இப்போது நான் சொல்லட்டும் என்று விட்டுவிட்டாள். அது எனக்கு இன்னும் கஷ்டம்.

பொன்னியைக் கேட்டேன். "உனக்கு இன்னா வேணும்?"

"ஸ்கூலு" என்றாள். யோசிக்கவே இல்லை.

"எழுதிக்கோங்க" என்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மறுபடியும் போனோம். தண்ணீர் தெளித்தார்கள், பாட்டுப் பாடினார்கள், நோட்டில் எழுதினார்கள். பச்சைமுத்து என்று எழுத்தெழுத்தாகக் கையெழுத்துப் போட்டேன். இந்தத் தரம் கூட்டிப் படித்துவிட்டுத்தான் போட்டேன். பொன்னி பேர் சரியாக இருந்தது. "பெரியவரே, உங்களையும் எழுதிடலாமா? வசனமெல்லாம் தெரியுமாமே" என்றார் தேவசகாயம் ஐயா.

"விலாசம் தப்பாப் போயிடும்ங்க, என்னை வுடுங்க" என்றேன்.

பொன்னியைப் போர்டிங்கில் விட்டுவிட்டு வந்தோம். அவள் டிரங்குப் பெட்டியைத் தூக்கிக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் போனாள். அம்சா கேட்டை விட்டு வெளியே வந்த பிறகுதான் அழுதாள். கூட்டேரிப்பட்டில் பஸ் நின்றது. கையைத் தூக்கினேன், பாதியில் நிறுத்தினேன், பிறகு கன்னத்தில் போட்டுக்கொண்டேன். இதைச் செய்யலாமா கூடாதா என்று எனக்குச் சொல்ல யார் இருக்கிறார்கள்?

வீட்டுக்கு வந்ததும் அம்சா உலை வைத்தாள். நான் என் இடத்தில் உட்கார்ந்தேன். சோறு கொதித்தது, வடித்தாள். வடித்துவிட்டு, பழக்கத்தில்தான் இருக்க வேண்டும், சுண்ணாம்புச் சுவரைப் பார்த்துக்கொண்டு மேய்ப்பன் வசனத்தின் முதல் பாதியைச் சொன்னாள். கரண்டியால் ஒரு தட்டும் தட்டிவிட்டாள். அதற்குப் பிறகுதான் பொன்னி இல்லை என்பது ஞாபகம் வந்தது போல. கரண்டி கையிலேயே நின்றது.

நான் தட்டைப் பார்த்தேன். வாயைத் திறக்கக் கூடாது என்றுதான் இருந்தேன். ஒரு தரம் திறந்து பட்டது போதும். ஆனால் பசி.

மீதிப் பாதியைச் சொன்னேன்.

"விலாசம்?" என்றாள் அம்சா, திரும்பாமல்.

"இருபத்தி ரெண்டா, மூணா?" என்றேன். "எனக்கு அது மட்டும் நிக்க மாட்டேங்குதும்மா."

"மூணு மாமா" என்றாள். சோறு போட்டாள்.